படி வைக்காத வீடு

அன்புச்செல்வியின் குரலை முதன்முதலில் போனில் கேட்கிற யாரும் அவளிடம் அலட்சியமாகப் பேசியதில்லை. பதினான்கு வருஷமாக வடபழனி ஸ்டூடியோக்களில், தெலுங்கிலிருந்தும் இந்தியிலிருந்தும் வந்து இறங்கும் சீரியல்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவள். பெரும்பாலும் மாமியார்கள், பெரிய வீட்டு அம்மாக்கள், மருமகளின் பால் டம்ளரில் எதையோ கலந்துவிட்டு ஜன்னலோரம் நின்று சிரிக்கிறவர்கள். அந்தக் குரலில் அவள், "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுங்க" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் எழுந்து நின்றுதான் "சரிங்க மேடம்" என்பார் போலிருக்கும்.

சாய்நாத் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். வீடு கட்டித் தருகிற கம்பெனிக்காரர். மந்தைவெளியின் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது என்பதால் தெருமுனையில் நிறுத்திவிட்டு, லேப்டாப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய அண்ணன் கதிரேசனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருடைய பார்வை கதிரேசனை விட்டு நகரவே இல்லை.

"சார், உங்களுக்கு எத்தனை பெட்ரூம் வேணும்?"

"ரெண்டு போதும். மேல அப்புறமா கட்டிக்கிற மாதிரி..." என்று கதிரேசன் ஆரம்பித்தான்.

"வீடு எனக்கு," என்றாள் அன்புச்செல்வி. "போன் பண்ணதும் நான்தான். என்னைப் பார்த்துக் கேளுங்க."

சாய்நாத் மன்னிப்புக் கேட்டார். லேப்டாப்பைத் திறந்து ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார். முகப்பில் கருப்புக் கிரானைட்டில் நான்கு படிகள், இரண்டு தூண்கள், மாடியில் கண்ணாடித் தடுப்பு.

"நான் போக வர ரேம்ப் எங்க இருக்கு?"

"பின்பக்கம் கொடுத்துடலாம் மேடம். முன்னாடி வெச்சா எலிவேஷன், அதான் வீட்டோட முகப்பு, அடிபட்டுடும்."

"பின்னாடி துணி காயப்போடுற சந்துதான் இருக்கு."

"ஆமா மேடம். அங்கதான்."

அன்புச்செல்வி லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். பிறகு, சுவரோரம் மடித்துச் சாத்தியிருந்த தன்னுடைய பழைய நாற்காலியை விரிக்கச் சொன்னாள். "இதுல உக்காந்து, கேட்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க. கால் தரையில படக் கூடாது. அப்புறம் பேசலாம்."

சாய்நாத் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கதிரேசனைப் பார்த்தார். "அதெல்லாம் எங்க டிசைனர் பார்த்துப்பாங்க மேடம்," என்றார். அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தெருமுனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

"வந்தவங்கள இப்படியா அசிங்கப்படுத்துவ?" என்றான் கதிரேசன்.

அவளுக்கு ஒன்றரை வயதில் போலியோ. இப்போது முப்பத்தொன்பது. அந்த வீட்டை அப்பா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மாநகராட்சி தார் மேல் தார் போட்டுத் தெருவை உயர்த்தியதில் இப்போது ஒரு படிதான் மிச்சம். ஆனால் அந்த ஒரு படியே அவளுக்குப் போதுமான சிறை. உள்ளே கூடத்துக்கும் நடைக்கும் நடுவில் இன்னொரு படி. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க அரையடித் தடுப்பு. இவை ஒவ்வொன்றிலும் அவளைத் தூக்கி இறக்கியது அம்மா சுலோச்சனாதான். மகளை எட்டு வயதில் தூக்கினாள், பதினெட்டில் தூக்கினாள். தன்னுடைய அறுபத்தாறாவது வயதில், போன தை மாதம் ஒரு காலையில், குளியலறைத் தடுப்பைத் தாண்டும்போது கால் இடறி மகளோடு சேர்ந்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. விழுந்த இடத்தில் கிடந்தபடி அம்மா, "ஒனக்கு ஒண்ணியும் ஆவலியே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் அன்புச்செல்விக்குத் தாங்கவில்லை. மாவுக்கட்டு பிரிக்கும் முன்பே வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

இருபதுக்கு நாற்பது அடி மனை. அப்பா சாகும் முன் அதை அவள் பெயருக்கே எழுதிவைத்திருந்தார். கதிரேசன் அப்போது மறுப்புச் சொல்லவில்லை. தி.நகரில் செல்போன் கடை, மேடவாக்கத்தில் சொந்த ஃப்ளாட் என்று அவன் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் வீட்டைக் கட்டுவது ஆம்பிளை வேலை, அதைத் தான்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். தங்கை மீது பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்துக்குள் அவளுடைய பேச்சுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது அவனே கூட்டி வந்த ஆள். நாகராஜ், அவனுடைய நண்பன், நாலைந்து வீடு கட்டிக்கொடுத்தவன். வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், "ரெண்டு படி மட்டும் வெச்சுக்கலாம் மச்சி. தங்கச்சிய தூக்கி வுட ஆளா இல்ல?" என்றான்.

"யாரு தூக்குவா?" என்று அன்புச்செல்வி கேட்டாள். "நீங்க தெனமும் வந்து தூக்குவீங்களா?"

"அட, ஒரு பேச்சுக்கு சொன்னேம்மா."

"நான் பேச்சுக்குக் கேக்கல."

நாற்காலியை விரித்துக் காட்டியபோது நாகராஜ் இரண்டு அடி பின்னால் போனான். "கை கால் நல்லா இருக்கறவன் அதுல குந்தக் கூடாதும்மா. அச்சானியம்."

நாகராஜுக்கே, தான் சொன்னது என்னவென்று மெல்ல உறைத்தது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அன்று சாயங்காலம் அம்மாவே, "ஏன்டி, வர்றவங்கள எல்லாம் அத்துல ஒக்கார சொல்லிகினு கீற? ஊர்ல எவனும் கட்ட வர மாட்டான்," என்றாள்.

"வர வேணாம். ஒருத்தன் உக்காந்தா போதும்."

மணிமொழிதான் மேஸ்திரி அப்துல் சமத்தின் பெயரைச் சொன்னாள். அதே ஸ்டூடியோவில் அழுகிற மருமகள்களுக்குக் குரல் கொடுப்பவள், பட்டினப்பாக்கத்துக்காரி. அவளுடைய அக்கா வீட்டை அவர்தான் கட்டினார். அன்புச்செல்வி பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த தன் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கே போனாள். மீன் கடைகளைத் தாண்டி உள்ளே மூன்றாவது வீடு. அதற்கும் படிகள் இருந்தன. அவளால் உள்ளே போக முடியாது. மணிமொழியின் அக்கா தங்கம் தெருவுக்கே இறங்கி வந்து, ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு பேசினாள்.

"மேஸ்திரி எப்படி?"

"வாய் சரியில்ல. வள்ளு வள்ளுன்னு வுழுவாரு. ஆறு மாசத்துல முடிக்கிறேன்னு சொல்லி எட்டு மாசம் ஆக்கினாரு."

"வீடு?"

தங்கம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். "கடல் காத்து இது. பக்கத்துல கட்டின வீட்டுக்கெல்லாம் மூணு வருசத்துல கம்பி துருப்புடிச்சி காரை கொட்டிகினு கீது. நம்ளுதுல ஒரு கீறல் வுழல. புயல் மழைக்கும் சொட்டு தண்ணி எறங்கல. கம்பி கட்டுனதுல எனுக்கு ஒரு சந்தேகம்னு சொன்னேன். திட்டினாரு. திட்டிகினே அவுத்துட்டு மறுபடி கட்டினாரு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை வரச் சொன்னாள்.

அப்துல் சமத் ஒரு பழைய மொபெட்டில் வந்தார். அறுபது வயதிருக்கும். வலது முழங்காலை மடக்க முடியாமல் கொஞ்சம் இழுத்து நடந்தார். வாசலில் நின்று அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வூடு யாருக்கு?"

"எனக்கு."

"செரி, சொல்லு."

'சொல்லு' என்ற ஒருமை அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அது அவளிடம்தான் சொல்லப்பட்டது. நாற்காலியைக் காட்டினாள். கேட்டிலிருந்து குளியலறை வரைக்கும் என்றாள்.

"சக்கரம் சுத்துமா?"

"சுத்தும். எடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கதிரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாய் சக்கரத்தைத் தள்ளி வாசல் படி வரை வந்தார். ஒருமுறை முட்டினார். பின்னால் போய் வேகமாக வந்து மறுபடி முட்டினார். மூன்றாம் முறை நாற்காலி ஒருபக்கம் சாயப் பார்த்தது. சுலோச்சனா பதறிப்போய்க் கட்டுப்போட்ட கையோடு ஓடி வந்தாள்.

"வுடும்மா," என்றாள் அன்புச்செல்வி. "பாய், அம்மா வீட்ல இல்லன்னு வெச்சுக்குங்க."

அவர் அப்படியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "செரி. இப்ப ஏத்தி வுட சொல்லு. மிச்சத்தயும் பாக்கணும்," என்றார். வேடிக்கை பார்த்தவர்களே தூக்கி உள்ளே வைத்தார்கள். நடையில் இருந்த படியிலும் அதேபோல. குளியலறைக் கதவில் நாற்காலி சிக்கி நின்றது. வலது கையின் விரல் முட்டிகள் நிலைச்சட்டத்தில் உரசித் தோல் வழன்றது. ரத்தத்தை லுங்கியில் துடைத்தபடி அந்தக் கதவையே பார்த்தார்.

"டெய்லி இன்னா பண்ற?"

"எறங்கி, தரையில உக்காந்து நகந்து போவேன். அம்மாவுக்குத் தெம்பு இருந்தா தூக்கும்."

"எவன்யா இந்த வூட்ட கட்டினது?"

"எங்கப்பா."

"நல்ல மன்சனாத்தான் இருப்பாரு. கதவு வெக்கத் தெரியல." அவர் டேப்பை எடுத்தார். சுலோச்சனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்புச்செல்வி பார்த்தது அன்றுதான்.

ஆனால் அடுத்த நிமிஷமே இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. வீட்டின் தரை தெருவிலிருந்து அரையடிக்கு மேல் உயரக் கூடாது என்றாள் அவள். இரண்டடி உயர்த்தாமல் கட்ட மாட்டேன் என்றார் அவர்.

"கட்டறது என் வீடு பாய். நான் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன். தண்ணி ஒன்ன கேட்டுகினா வரும்? ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இங்க எவ்ளோ வந்துச்சு?"

அந்த வெள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. அவளைக் கட்டிலின் மேல் வைத்து, கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து, அம்மா ஒரு பகல் முழுக்க தண்ணீரில் நின்றிருந்தாள்.

"ரெண்டடி ஏறினா நான் எப்படிப் போறது?"

"அத்த நான் யோசிக்கணும். நீ ஏன் கத்திகினு கீற?" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

நான்கு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. ஐந்தாம் நாள், அபிராமபுரத்தில் தான் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அவளை வரச் சொன்னார். அங்கே காலி இடத்தில் செங்கல்லை அடுக்கி, மேலே சாரப் பலகைகளைப் போட்டு, மூன்று சரிவுகள் செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்க்கச் சொன்னார். முதல் சரிவில் பாதி வழியிலேயே நாற்காலி பின்னால் வழுக்கியது. ஒரு கொத்தனார் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் ஏறிவிட்டாள், ஆனால் தோள் இரண்டும் நடுங்கின. மூன்றாவது, அடிக்கு ஒரு இஞ்ச் மட்டும் உயருகிற நீளமான சரிவு. அதில் அவள் நிற்காமல் ஏறினாள். மேலே போய்த் திரும்பி, இறங்கி, யாரும் சொல்லாமலே மறுபடியும் ஏறினாள்.

"அப்ப ரெண்டடி ஏற இருவத்து நாலடி," என்றார் பாய். "ஒம் மனையோட பக்கவாட்டுல நீளமா போவும். வாசக்கதவு தெருவப் பாக்காது. பக்கத்துல, நடு மத்தியில வரும். கூடம் ஒரு நாலடி கொறையும். அத்த நீ ஒத்துக்கணும்."

"முன்னாடி படி?"

"இடம் ஏது? எல்லாரும் இதுலயே ஏறி வரட்டும். ஒனக்கு ஒரு வழி, வர்றவனுக்கு ஒரு வழியா?"

அவள் மனதில் வெகுநாளாக இருந்த வார்த்தைகள் இன்னொருவர் வாயிலிருந்து வந்தன. அவள் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் வந்தான். பேப்பரில் பாய் போட்டிருந்த கோடுகளைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"வாசல் தெருவப் பாக்காத வீடு எங்கயாச்சும் இருக்கா? ஒரு படி இல்ல. சொந்தக்காரங்க வந்தா ஆஸ்பத்திரி மாரி கீதுன்னு சொல்வாங்க."

"ஆஸ்பத்திரியிலதான்ண்ணா நான் யாரையும் கூப்புடாம உள்ள போறேன்."

"அந்தாளு இன்ஜினியரா? நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"பிளானுக்கு ஒரு இன்ஜினியர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு. கம்பிக் கணக்கும் அவர் பாத்துட்டாரு."

"சரி, நாளைக்கு விக்கணும்னா இத்த எவன் வாங்குவான்?"

"யாரு விக்கப் போறா?"

அவன் அவசரமாகப் பேப்பரை மடித்தான். அவள் காலத்துக்குப் பிறகு என்பதைத்தான் அவன் எண்ணியிருந்தான் என்று மூன்று பேருக்குமே புரிந்துவிட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சங்கடத்தை மறைக்க அவன் குரலை உயர்த்தினான்.

"நீ அந்த பாய்கிட்ட குடுத்தா, நான் இந்த வீட்டுப் பக்கம் கால் வெக்க மாட்டேன்."

"கால் வெக்காமலே வந்து போற மாதிரிதான்ண்ணா கட்டப் போறேன்."

அது நடிப்புக் குரல் இல்லை. அவளுடைய சொந்தக் குரல், தாழ்வாக, அவசரமில்லாமல் வந்தது. கதிரேசன் அம்மாவைப் பார்த்தான். சுலோச்சனா மகளிடம், "பாய்கிட்ட சொல்லி எனுக்குத் தொவைக்கிற கல்லு ஒண்ணு வெக்க சொல்லுடி," என்றாள். அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை.

எழுதிக் கொடுத்துக் கட்டுகிற பழக்கம் எனக்கில்லை என்றார் பாய். எழுதாமல் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை என்றாள் அவள். ஸ்டூடியோவில் வசனத் தாளில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். கதவுகள் மூன்றடி. வீட்டுக்குள் எங்கும் படி கூடாது. குளியலறை வாசலில் தடுப்பு கூடாது. சுவிட்சுகள் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாடகை வீட்டுக்குப் போனார்கள். அதற்கும் இரண்டு படி. அந்தப் பத்து மாதம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத்தான் அவள் ஏறி இறங்கினாள், ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் பாய் மற்ற எதையும் கட்டும் முன் சரிவைத்தான் கட்டினார். செங்கல் ஏற்றிய தள்ளுவண்டி அதில் ஏறியது, அவளும் ஏறினாள். வேலை முடிந்து வடபழனியிலிருந்து வரும்போதெல்லாம் மனைக்குப் போய்விடுவாள். சுவர் இல்லாத அறைகளில் அங்கேயே போட்டுவைத்த பழைய நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஐப்பசி மழையில் வேலை மூன்று வாரம் நின்றது. பிறகு ஒருநாள் போனபோது குளியலறை வாசலில் மூன்று இஞ்ச் தடுப்பு ஒன்று எழும்பியிருந்தது. கொத்தனார் கை பழக்கத்தில் வைத்துவிட்டார்.

"உடைங்க," என்றாள்.

"தண்ணி ஹாலுக்கு வந்துடுங்க்கா. எல்லா வீட்லயும் இப்படித்தான்."

"எல்லா வீட்லயும் இப்படித்தான். அதனாலதான் நான் எந்த வீட்டுக்கும் போறதில்ல. உடைங்க."

பாய் வந்து அவளிடம் கத்தினார். நாலு இடத்தில் வேலை நடக்கிறது, ஒவ்வொரு செங்கல்லுக்கும் உன்னிடம் வந்து நிற்க முடியுமா என்றார். அவள் எழுதிய தாளை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு கொத்தனாரிடமிருந்து சுத்தியலை வாங்கி, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, தானே உடைத்தார். உடைத்துக்கொண்டே திட்டினார். தன்னையேதானா, அவளையா, கொத்தனாரையா என்று தெரியவில்லை. குளியலறைத் தரையை உள்பக்கமாகச் சரித்துப் போட்டு, வாசலோரம் தண்ணீர் வடிய நீளமாக ஒரு கம்பித் தட்டி போட்ட வடிகால் வைத்தார். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். கூடத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை.

சொன்ன நாளுக்கு இரண்டு மாதம் தள்ளித்தான் முடிந்தது. தங்கம் சொன்னதும் அதுதான்.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். சிலர் தெருவில் நின்று படியைத் தேடினார்கள். "பக்கத்துல வாங்க," என்று அவள் மேலே இருந்து கூப்பிட்டாள். பட்டுப்புடவையும் வேட்டியுமாக வரிசையாக இருபத்து நாலடி நடந்து ஏறினார்கள். வாஸ்துவைப் பற்றிக் கேட்ட ஒரு சித்தப்பாவிடம் அவள், "உங்களுக்கு மூச்சு வாங்கலியே, அப்ப சரியாத்தான் இருக்கு," என்றாள். கதிரேசன் அன்று வரவில்லை. எட்டு நாள் கழித்து, கடை விடுமுறையில், ஒரு சீலிங் ஃபேனோடு வந்தான். ஏணி போட்டு அதை மாட்டிவிட்டு, "கதவு நல்லா அகலமா கீது," என்றான். அவள் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேருமே பழையதைப் பேசவில்லை. மன்னித்துவிட்டாளா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவளுக்கு எட்டு மணி கால்ஷீட். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள், வெளியே வந்தாள், சாத்தினாள். சரிவில் இறங்கினாள். கீழே நிழலில் நின்ற ஸ்கூட்டருக்குக் கைகளை ஊன்றி மாறி உட்கார்ந்தாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தாள். ஸ்டூடியோவில் அவளுக்கென்று வைத்திருக்கும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கின் முன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எங்கடி கீற?" அம்மாவின் குரலில் பதற்றம்.

"வடபழனியில. வேலைக்கு வந்துட்டேன்."

"யாரு எறக்கி வுட்டா?"

"யாரும் எறக்கலம்மா. நானே வந்தேன்."

மறுமுனையில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"செரி," என்றாள் சுலோச்சனா கடைசியில். "நான் கபாலி கோயிலு பக்கம் போய்ட்டு வரேன். எத்தினி வருசம் ஆவுது. நீ வந்தா கதவத் தொறந்துகினு உள்ள போ."